யாருக்கும் வரக்கூடிய ஒரு தொற்று

(காஞ்சிபுரத்தில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



உங்கள் கையில் இருக்கும் அழைப்பிதழில் இன்றைய பேச்சின் பொருள் 'மகளிர் நலம்' என்று அச்சாகியிருக்கிறது. நான் எழுதிக் கொடுத்தது அதுவன்று. ஸ்திரீ புருஷ சம்பந்தத்தினால் பரவுகிற ஒரு தொற்றைப் பற்றியும், அந்தத் தொற்று பல ஆண்டுகள் கழித்துக் கர்ப்பப்பையின் வாயில் உண்டாக்குகிற புற்றுநோயைப் பற்றியும் பேசப்போகிறேன் என்றுதான் எழுதியிருந்தேன். ஒரு வாரம் சென்றபின் இந்த ஏற்பாடுகளைக் கவனிக்கும் அன்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, மிகுந்த மரியாதையுடன், "அம்மா, நோட்டீசை வீதியில் ஒட்டவேண்டியிருக்கிறது, கோயிலுக்குப் போகிறவர்கள் எல்லாம் பார்ப்பார்கள், தலைப்பை மட்டும் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாமா? உள்ளே நீங்கள் எதை வேண்டுமானாலும் பேசுங்கள்" என்றார். சம்மதித்தேன். அவர்மீது எனக்கு வருத்தம் ஏதுமில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக என்னிடம் வந்த நோயாளிகள் செய்ததைத்தான் அவரும் செய்தார். அவர்களும் 'இடுப்பு வலி' என்று சொல்லிக்கொண்டுதான் உள்ளே வருவார்கள். கூட வந்த மாமியாரையோ மகனையோ வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தி, இரண்டு நிமிஷம் பொறுத்திருந்தால்தான் உண்மையான விஷயம் வாயைவிட்டு வெளியே வரும். இப்போது நமக்கும் கதவு சாத்தியாகிவிட்டது என்று வைத்துக்கொண்டு பேசத் தொடங்குகிறேன்.

நான் இவ்வூர்ப் பிள்ளையார்பாளையத்தில் பிறந்தவள். என் தகப்பனார் குழித்தறியில் கோர்வைப் புடவை நெய்தவர். என் தாயார் தார் சுற்றியவள், கரை போட ஆள் கிடைக்காத நாட்களில் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவையும் தள்ளியவள். பாவில் ஓர் இழை அறுந்தால், கண்ணால் பார்ப்பதற்கு முன்பே தறியின் சத்தத்திலேயே என் தகப்பனாருக்கு அது தெரிந்துவிடும். உடனே கையை நிறுத்தி, அறுந்ததை எடுத்து முடிந்துவிட்டுத்தான் அடுத்த ஊடையைப் போடுவார். அப்படி ஓர் இழையைக்கூடத் தப்பவிடாத வீடுகளில், அந்த வீட்டு ஸ்திரீகளின் தேகத்தில் வருஷக்கணக்காக ஒரு கேடு வளர்ந்துகொண்டிருந்தாலும் யாருக்கும் தெரியாமற் போகிறது என்பதுதான், வைத்தியத் தொழிலில் நுழைந்த நாள் முதல் என் மனத்தை உறுத்திவரும் சங்கதி.

இந்த ஊருக்குப் புற்றுநோயின் பெயர் புதிதன்று. இங்கே ஒரு நெசவாளர் குடும்பத்தில் 1909-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் தேதி பிறந்து, இம்மாநிலத்தின் முதலமைச்சராகி, அப்பதவியிலேயே 1969-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் தேதி மறைந்த அறிஞர் அண்ணாவைக் கொண்டுபோனது அந்த வியாதிதான். அந்த ஆண்டிலேயே அவர் நினைவாகக் காரப்பேட்டையில் அரசாங்கம் தோற்றுவித்த புற்றுநோய் ஆஸ்பத்திரி இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவருக்கு வந்தது உணவுக்குழாயில். அதன் வழி வேறு, வரலாறு வேறு. ஆனால் புற்றுநோய் ஆஸ்பத்திரிகளின் வாசலில் நெடுங்காலமாக வரிசை கட்டி நின்றவர்களில் பெண்களைத் தனியே எண்ணினால், கர்ப்பப்பைவாய்ப் புற்று வந்தவர்கள்தாம் மற்றெல்லாரையும்விட அதிகமாக இருந்தார்கள். 1980-களில் அடையாறு புற்றுநோய் நிலையம் சென்னை நகரத்துக்கென்று நோயாளிகளின் பதிவேடு ஒன்றைத் தொடங்கியபோதும் பெண்களிடையே முதலிடம் இந்நோய்க்கே இருந்தது. இன்று அந்த இடத்தை மார்பகப் புற்று பிடித்துக்கொண்டுவிட்டது. முதலிடம் போயிற்றே தவிர நோய் போய்விடவில்லை. 2022-ஆம் ஆண்டுக்கான சர்வதேசக் கணக்கின்படி, நம் தேசத்தில் அவ்வோராண்டில் புதிதாக இந்நோய் கண்டவர்கள் ஒன்றேகால் லட்சத்துக்கு மேல், இறந்தவர்கள் ஏறத்தாழ எண்பதாயிரம் பேர்.

எண்களைச் சொல்லிவிட்டேன், இனி ஒரே ஒரு ஸ்திரீயைப் பற்றிச் சொல்லவேண்டும். 1970-களின் இறுதியில், நான் படிப்பை முடித்துப் பணியில் சேர்ந்த புதிதில், பிள்ளையார்பாளையத்து நெசவுத் தெருவிலிருந்து ஓர் அம்மாள் வந்தாள். ஐம்பதுக்குள்தான் வயது இருக்கும். மாதவிலக்கு நின்று மூன்று வருஷமாகியும் மறுபடி 'படுகிறது' என்றாள். எத்தனை நாளாக என்று கேட்டால், இரண்டு வருஷத்துக்கு மேலாகிறது. முதலில் அது உடம்புச் சூடு என்று வெந்தயம் ஊறவைத்துத் தின்றிருக்கிறாள், பிறகு கஷாயம், பிறகு காமாட்சியம்மனுக்கு வேண்டுதல். துர்நாற்றம் வரத் தொடங்கியபின், சமையலறைக்குள்ளும் பூஜையறைக்குள்ளும் போவதைத் தானே நிறுத்திக்கொண்டாளாம். பரிசோதித்தபோது நோய் கர்ப்பப்பையின் வாயைத் தாண்டி இடுப்பெலும்பின் பக்கச்சுவர் வரையில் பரவியிருந்தது. விஷயத்தைப் பக்குவமாகச் சொன்னேன். அவள் அழவில்லை. "தறியை விட்டு எழுந்தால் அடுப்பு, அடுப்பை விட்டு எழுந்தால் தறி, இதைத் தவிர எனக்கு வேறொன்றும் தெரியாது, டாக்டரம்மா. என்மேல் என்ன தப்பு?" என்று மட்டும் கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு அன்று நான் சொன்ன பதிலை நினைத்தால் இன்றும் எனக்கு அவமானமாக இருக்கிறது. நாங்கள் படித்த புஸ்தகங்களில், சிறுவயது விவாகம், அதிகப் பிரசவம், ஏழ்மை, அந்தரங்க அவயவங்களின் அசுத்தம் என்று காரணங்கள் அடுக்கியிருந்தன. அவற்றையே நான் அவளிடம் ஒப்பித்தேன். சாகப்போகிற ஒரு பெண்ணிடம், நீ சுத்தமாக இருந்திருக்கலாம் என்று சொன்னதற்கு அது ஒப்பாகும் என்பது இருபத்தாறு வயதில் எனக்கு உறைக்கவில்லை. சரியான விடையை அப்போது உலகத்தில் எவருமே நிச்சயமாக அறிந்திருக்கவில்லை என்பது ஒரு சமாதானம், அவ்வளவுதான்.

அந்த விடையைத் தேடிய கதை நீண்டது. இத்தாலியில் வெரோனா நகரத்தின் மரணப் பதிவேடுகளை ஆராய்ந்த ரிகோனி-ஸ்டெர்ன் என்னும் வைத்தியர், கர்ப்பப்பைப் புற்று விவாகமான ஸ்திரீகளிடம் மிகுதியாகவும் கன்னிமாடங்களில் வாழ்ந்த கன்னியாஸ்திரீகளிடம் அரிதாகவும் காணப்படுவதை 1842-லேயே எடுத்துக்காட்டினார். ஆகவே இல்லறத்தோடு சம்பந்தப்பட்ட ஏதோ ஒன்று இதற்கு வித்து என்ற யூகம் அன்றே பிறந்துவிட்டது. அந்த ஏதோ ஒன்று எது என்று கண்டுபிடிக்கத்தான் நூற்று நாற்பது வருஷம் பிடித்தது. இடையில் பல நிரபராதிகள் கூண்டில் நிறுத்தப்பட்டார்கள். ஹெர்பிஸ் என்னும் அக்கிக் கிருமியின் வர்க்கத்தைச் சேர்ந்த ஒன்றுதான் குற்றவாளி என்று 1970-களில் பெரும்பாலான விஞ்ஞானிகள் நம்பியிருந்தபோது, ஹரால்ட் ட்சூர் ஹௌசன் என்ற ஜெர்மானியர் மட்டும், தோலில் மருவை உண்டாக்குகிற பாப்பிலோமா வைரஸ் குடும்பத்தின்மீது சந்தேகம் கொண்டு, சகாக்களின் ஏளனத்தைப் பொருட்படுத்தாமல் ஆராய்ந்துவந்தார். 1983-ல் அக்குடும்பத்தின் 16-ஆம் வகையையும், மறு ஆண்டில் 18-ஆம் வகையையும் புற்றுத் திசுக்களிலிருந்தே அவருடைய குழுவினர் பிரித்தெடுத்தார்கள். 1951-ல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில் இந்நோயால் மாண்ட ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினத்துத் தாயின் உடலிலிருந்து, அவள் சம்மதத்தைக் கேளாமலே எடுக்கப்பட்டு, உலகத்தின் ஆராய்ச்சிச்சாலைகளிலெல்லாம் இன்றும் வளர்ந்துகொண்டிருக்கிற உயிரணுக்களுக்குள்ளும் அந்த 18-ஆம் வகைதான் ஒளிந்திருந்தது. ட்சூர் ஹௌசனுக்கு 2008-ல் நோபல் பரிசு கிடைத்தது. பிள்ளையார்பாளையத்து அம்மாளின் கேள்விக்கு விடையும் அதிலேயே இருந்தது: உன்மேல் ஒரு தப்பும் இல்லை.

ஏன் இல்லை என்பதை விளக்கவேண்டும். இன்றைய பேச்சின் சாரமே அதுதான்.

நம் முன்னோர் இவ்வகை நோய்களுக்கு மேகம், வெட்டை, கிரந்தி என்று பெயர்கள் வைத்திருந்தார்கள். அந்தப் பெயர்களைச் சொல்லும்போதே, புருஷன் எங்கேயோ போய்வந்தான், வீட்டுக்குக் கொண்டுவந்தான் என்ற ஒரு கதையும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். எரிச்சல், சீழ், புண் என்று அவற்றுக்கு அடையாளங்களும் உண்டு. பாப்பிலோமா வைரஸ் அப்படிப்பட்டதன்று. அதில் இருநூறுக்கு மேற்பட்ட வகைகள் உள்ளன. கையிலும் காலிலும் வரும் சாதாரண மருவும் அவற்றுள் சிலவற்றின் வேலையே. பிறப்புறுப்புப் பகுதியைத் தொற்றுகிற வகைகள் சில பத்துக்கள்; அவற்றிலும் 6, 11 என்ற எண்ணுடையவை மருக்களோடு நின்றுவிடும். புற்றுக்கு வழிகோலுபவை ஏறத்தாழ ஒரு டஜன். அவற்றுள் 16, 18 ஆகிய இரண்டு மட்டுமே உலகில் இப்புற்றுநோயின் நூற்றுக்கு எழுபது பங்குக்குக் காரணம். இல்லற வாழ்வில் புகுந்த ஆண் பெண் இருபாலரிலும் பெரும்பாலோரை வாழ்நாளில் ஒருமுறையேனும் இக்கிருமி வந்து தீண்டிவிட்டுப் போகிறது. ஆகவே இது யாரோ சிலருக்கு நேர்கிற விபத்தன்று. ஜலதோஷத்தைப்போல் மனித வாழ்க்கையோடு கூடப் பிறந்த ஒன்று. ஏகபத்தினி விரதனுக்கும் பதிவிரதைக்கும் வரும். விவாகத்துக்கு முன் ஒரே ஒரு முறை நேர்ந்த ஒரு சம்பந்தத்தால் வந்து, பத்து வருஷம் ஒரு சிறு அறிகுறியும் காட்டாமல் இருந்து, கொடுத்தவனுக்கும் தெரியாமல் கொண்டவளுக்கும் தெரியாமல் இடம் மாறும். ஆகையால், பரிசோதனையில் தொற்று இருக்கிறதென்று தெரிந்த மாத்திரத்தில் புருஷன் பெண்சாதியையும், பெண்சாதி புருஷனையும் சந்தேகித்துக் குடும்பத்தைக் குலைத்துக்கொள்வதற்கு இதில் எந்த முகாந்தரமும் இல்லை. எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்தப் பரிசோதனையாலும் சொல்ல முடியாது.

பரவும் விதமும் இதற்குத் தனி. இரத்தத்தின் வழியாகவோ, இந்திரியத்தின் வழியாகவோ அன்று. பிறப்புறுப்பைச் சுற்றியுள்ள தோலும் சவ்வும் ஒன்றோடொன்று உரசுவதால் பரவுகிறது. அதனால் ஆணுறையால் அபாயம் குறையும், ஆனால் முழுவதும் நீங்காது. உறை மூடாத தோலின் வழியாகவும் கிருமி தொற்றக்கூடும். ஆணுறை வேண்டாமென்று இதற்கு அர்த்தம் செய்துகொள்ளக்கூடாது; மற்றப் பால்வினை நோய்களையும் எய்ட்ஸையும் தடுப்பதில் அதற்கு இருக்கும் மதிப்பு எள்ளளவும் குறைந்ததன்று. ஒரே தட்டில் உண்பதாலும், ஒரே குளத்தில் குளிப்பதாலும், கொசுக்கடியாலும் இது வராது. கோயில் திருக்குளத்தில் முழுகினால் வருமா என்று ஒரு பாட்டி என்னைக் கேட்டிருக்கிறாள். வராது, பாட்டி.

சரி, இவ்வளவு சாதாரணமான தொற்று எல்லாரையும் ஏன் கொல்லவில்லை? இயற்கை நமக்குத் தந்திருக்கும் எதிர்ப்புச் சக்தி, பத்தில் ஒன்பது தொற்றுகளை இரண்டு வருஷத்துக்குள் தானாகவே துடைத்துவிடுகிறது. வந்ததும் தெரிவதில்லை, போனதும் தெரிவதில்லை. மிச்சமுள்ள ஒரு பங்கில்தான் ஆபத்து. கர்ப்பப்பையின் வாயில், உள்பக்கத்துச் சவ்வும் வெளிப்பக்கத்துச் சவ்வும் சந்திக்கிற ஒரு வளையம் உண்டு. நம் ஊர் பாஷையில் சொன்னால், புடவையின் உடலும் கரையும் கோர்வையில் சேருகிற இடத்தைப் போன்றது அது. இளம் பருவத்தில் அவ்விடத்து உயிரணுக்கள் மாறிக்கொண்டே இருப்பதால் கிருமி அங்கே சுலபமாகக் குடிபுகுகிறது. புகுந்து என்ன செய்கிறது? ஜக்கார்டு பெட்டியில் துளையிட்ட அட்டைகள் வரிசையாகப் புரள்வதையும், அந்த அட்டைகள் சொன்னபடியே புட்டா விழுவதையும் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். உயிரணு ஒவ்வொன்றிலும் அப்படி ஓர் அட்டைமாலை உண்டு. எப்போது பெருகவேண்டும், எப்போது நிற்கவேண்டும், பழுதுபட்டால் எப்போது தானே மாய்ந்துபோகவேண்டும் என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கிறது. இக்கிருமி தன்னுடைய அட்டைகள் இரண்டை அந்த மாலைக்குள் செருகிவிடுகிறது. ஒன்று, பழுதுபட்ட அணுவை மாயச்செய்யும் காவலனை அழிக்கிறது. மற்றொன்று, பெருக்கத்துக்குக் கடிவாளமாக இருப்பவனைச் செயலற்றவனாக்குகிறது. பிறகு தறி நிற்பதே இல்லை. இவ்வளவும் ஒரு நாளில் நடந்துவிடாது. தொற்று நிலைத்துப் புற்றாக மாறுவதற்குச் சாதாரணமாகப் பதினைந்து முதல் இருபது வருஷம் பிடிக்கிறது, எச்.ஐ.வி. போன்றவற்றால் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்கு ஐந்து முதல் பத்து வருஷத்திலேயே வந்துவிடக்கூடும். புகைபிடித்தலும், மிகப் பல பிரசவங்களும் இந்த மாற்றத்துக்குத் துணைபோகின்றன. பழைய புஸ்தகங்கள் சொன்ன காரணங்களில் சில, அந்த அளவில் மட்டும் உண்மை.

பதினைந்து வருஷம் அவகாசம் கொடுக்கிற சத்துரு உலகத்தில் வேறு எங்கே இருக்கிறான்? திருடன் இன்ன ஊரிலிருந்து இன்ன வழியாகப் பதினைந்து வருஷம் நடந்து வருகிறான் என்று தெரிந்திருந்தும், அவன் வாசலைத் தட்டும்வரையில் தூங்கிக்கொண்டிருப்பதை விதி என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். அது நம் கூச்சத்தின் விலை.

இடைவழியில் அவனைப் பிடிக்கிற வித்தையை உலகத்துக்குக் கற்றுக்கொடுத்த ஊர்களில் ஒன்று நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டத்தில் ஒட்டன்சத்திரத்துக்கு அருகே அம்பிளிக்கை என்ற கிராமத்தில் உள்ள கிறிஸ்தவ ஐக்கிய சமுதாய சுகாதார நிலையத்தைக் கேந்திரமாகக் கொண்டு, 2000-ஆம் ஆண்டில் ஒரு பரீட்சை தொடங்கிற்று. பிரான்சு நாட்டு லியோன் நகரிலுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த டாக்டர் சங்கரநாராயணன் அதற்கு முன்னின்றார். சாதனம் என்ன தெரியுமா? நம் ஊர்களில் ஊறுகாய்க்கு உபயோகிக்கிற காடியின் சத்து. அசெட்டிக் அமிலம் என்பார்கள். நூற்றுக்கு நான்கு பங்கு அளவில் அதை நீரில் கலந்து, பஞ்சில் தோய்த்துக் கர்ப்பப்பையின் வாயில் தடவி ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்த்தால், மாறத் தொடங்கிய இடம் வெண்மையாகத் தெரியும். நுண்ணோக்கிக் கருவி வேண்டாம், பட்டணத்து ஆய்வுக்கூடம் வேண்டாம். பயிற்சி பெற்ற ஒரு நர்ஸ் போதும். வெண்மை தெரிந்தவர்களுக்கு, அநேகமாக அதே வருகையில், குளிரூட்டி அவ்விடத்தை உறையச் செய்து அழித்துவிட்டார்கள். முப்பது முதல் ஐம்பத்தொன்பது வயது வரையுள்ள கிராமத்துப் பெண்களுக்கு வாழ்நாளில் ஒரே ஒரு முறை செய்த இந்தப் பரிசோதனையால், ஏழு வருஷங்களில் நோய் நூற்றுக்கு இருபத்தைந்து பங்கும் மரணம் முப்பத்தைந்து பங்கும் குறைந்தன என்று 2007-ல் 'லான்செட்' பத்திரிகையில் அவர்கள் வெளியிட்டார்கள். அழைக்கப்பட்ட நாற்பத்தொன்பதாயிரம் பேரில் மூன்றில் இருவருக்குச் சற்றுக் குறைவானவர்களே வந்தார்கள்; வந்தவர்களை வைத்துக்கொண்டே இவ்வளவு பலன் என்றால், வராமல் வீட்டில் உட்கார்ந்துவிட்டவர்களும் வந்திருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அதற்குப்பின் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் முன்னோட்டமாகத் தொடங்கி, பிறகு மாநிலமெங்கும், முப்பது வயது கடந்த பெண்களுக்கு அரசு ஆஸ்பத்திரிகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இப்பரிசோதனை செய்யப்பட்டுவருகிறது. கட்டணம் கிடையாது. இதைவிட நுட்பமானது, கிருமியையே தேடும் பரிசோதனை. பெண்கள் தாங்களே மறைவில் ஒரு சிறு துடைப்பானால் மாதிரி எடுத்துக் கொடுத்தாலும் அது செல்லும் என்பதால், நம் ஊர்க் கூச்சத்துக்கு மிகவும் ஏற்றது. முப்பத்தைந்து வயதுக்குள் ஒரு முறை, நாற்பத்தைந்துக்குள் மறுமுறையாவது இதைச் செய்துகொள்ளவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் இலக்கு. வாழ்நாளில் இரண்டு முறை! மூக்குக் கண்ணாடிக்காக நாம் ஆஸ்பத்திரிக்கு நடப்பது இதைவிட அதிகம்.

அடுத்தது தடுப்பூசி. இக்கிருமியின் மேலோட்டை உண்டாக்கும் ஒரு புரதம், தனியே தயாரிக்கப்பட்டாலும் தானாகக் கூடி ஓடாக அமைந்துகொள்ளும் இயல்புடையது. உள்ளே பண்டம் இல்லாத வெறும் கூடு; நோயை உண்டாக்கும் சக்தி அதற்கு இல்லை. ஆனால் உடம்பு அந்தக் கூட்டைப் பார்த்துச் சத்துருவின் முகத்தை மனத்தில் பதித்துக்கொள்கிறது. இந்த உபாயத்தால் அமைந்த ஊசி 2006-ல் வெளிவந்தது. கிருமி தீண்டுவதற்கு முன்பே போட்டால்தான் முழுப் பலன். ஏற்கனவே வந்துவிட்ட தொற்றை அது போக்காது. ஒன்பது முதல் பதினான்கு வயது வரை என்று சொல்வது அதனால்தான். "இந்த வயதுக் குழந்தைக்கு இந்த நோய்க்கா ஊசி?" என்று தாய்மார்கள் பதறுகிறார்கள். மழை பெய்யும்போது கூரை வேய முடியுமா, அம்மா?

இதன் சரித்திரத்தில் நம் தேசத்துக்கு ஒரு கசப்பான அத்தியாயம் உண்டு. அதை மறைத்துவிட்டு ஊசியைப் புகழ்வது நியாயமாகாது. 2009-ல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும், குஜராத்தின் வதோதராவிலும் ஆயிரக்கணக்கான சிறுமிகளுக்கு இவ்வூசி போடப்பட்டது. அவர்களில் ஏழு பேர் பின்னர் இறந்தார்கள். விசாரணையில், நீரில் மூழ்கியதும் பாம்பு கடித்ததும் விஷமருந்தியதும் போன்ற வேறு காரணங்களே தெரியவந்தன. ஊசிக்கும் மரணங்களுக்கும் தொடர்பு காணப்படவில்லை. ஆனால் விடுதிகளில் தங்கிப் படித்த ஏழைச் சிறுமிகளுக்குத் தாய்தந்தையரைக் கேளாமல் விடுதிக் காப்பாளர்களே சம்மதக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள் என்பதும் வெளிவந்தது. அது பெரும் பிழை. மருந்து நல்லதாக இருந்தாலும் கேளாமல் போடுவதற்கு ஒருவருக்கும் உரிமை இல்லை. 2010 ஏப்ரலில் அரசாங்கம் அத்திட்டத்தை நிறுத்திற்று; அதே வேகத்தில், இதே ஊசியைப் பற்றி நாட்டில் நடந்துகொண்டிருந்த வேறோர் ஆராய்ச்சியிலும் ஊசி போடுவது நின்றுபோயிற்று. அந்த ஆராய்ச்சியில் இரண்டு, மூன்று ஊசி போட்டுக்கொள்ளவேண்டியவர்களில் ஏறத்தாழ ஐயாயிரம் சிறுமிகள் ஒரே ஊசியோடு நின்றுவிட்டார்கள். ஆராய்ச்சியாளர்கள் அவர்களைக் கைவிட்டுவிடாமல் பத்து வருஷம் தொடர்ந்து கவனித்தார்கள்; அவ்வாராய்ச்சியின் கேந்திரங்களில் அம்பிளிக்கையும் ஒன்று. கண்டது என்ன? ஒற்றை ஊசியே 16, 18 ஆகிய வகைகளின் நிலைத்த தொற்றை நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தடுத்திருந்தது. இம்முடிவு 2021-ல் வெளிவந்தது. மறு ஆண்டில், ஒற்றை ஊசியும் போதுமென்று உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டதற்கு இதுவும் ஓர் ஆதாரம். தடைப்பட்ட காரியம் தடைப்பட்டதனாலேயே உலகத்துக்கு உபகாரமாக முடிந்த விசித்திரத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

சிக்கிம் என்ற சின்னஞ்சிறு மாநிலம் 2018-லேயே பள்ளிக்கூடங்களின் வழியாக, ஏறக்குறைய எல்லாச் சிறுமிகளுக்கும் ஊசி போட்டுக் காட்டிவிட்டது. ஸ்காட்லாந்தில் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் ஊசி போட்டுக்கொண்ட பெண்களில் ஒருவருக்குக்கூடப் பரவும் புற்று வரவில்லை என்ற செய்தி 2024-ல் வந்தது. புனாவில் உள்ள சீரம் நிறுவனம் 2022-ல் நம் நாட்டிலேயே இவ்வூசியைத் தயாரித்துவிட்டது. 2025-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் தமிழக அரசு, பதினான்கு வயதுச் சிறுமிகளுக்குப் படிப்படியாக இதை இலவசமாகப் போட 36 கோடி ரூபாய் ஒதுக்கியது. எனினும், "இதைப் போட்டால் பிள்ளை பிறக்காது" என்ற வதந்தி அரசாங்கத்துக்கு முன்பாகவே வீடுவீடாகப் போய்விடுகிறது. போலியோ சொட்டு மருந்தையும் இதே வார்த்தையால்தான் வரவேற்றார்கள்; அந்தச் சொட்டு மருந்தை விழுங்கிய குழந்தைகள் இன்று இந்த மண்டபத்தில் தங்கள் குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

கூச்சத்தை இந்த மாநிலம் ஒருமுறை வென்றிருக்கிறது என்பதையும் ஞாபகப்படுத்தவேண்டும். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் சேர்ந்து இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தபோது, நம் புண்ணிய பூமியில் அது இருக்கவே முடியாது என்றுதான் பலர் சொன்னார்கள். பல ஆண்டுகளுக்குப் பின், எய்ட்ஸ் பிரச்சாரத்துக்காகச் சுவர்களிலும் பேருந்துகளிலும் 'புள்ளிராஜா' என்ற கற்பனைப் பெயர் எழுதப்பட்டபோது முகம் சுளித்தவர்களும், அவனுக்கு என்ன ஆயிற்று என்று வீட்டுத் திண்ணையில் உரக்கப் பேசினார்கள். பேச்சு வந்தபின் பரிசோதனை வந்தது, சிகிச்சை வந்தது, தொற்று குறைந்தது. சொல்லத் தெரியாத நோயை எந்த ஊரும் ஒழித்ததில்லை.

புருஷர்களுக்கு ஒரு வார்த்தை. இது பெண்களின் நோய் என்று எண்ணி நீங்கள் நாற்காலியில் சாய்ந்துகொண்டிருப்பதை மேடையிலிருந்து பார்க்கிறேன். இக்கிருமி தொண்டையிலும் ஆசனவாயிலும் ஆண்குறியிலும் புற்றை உண்டாக்கவல்லது; ஆஸ்திரேலியா 2013 முதலே பையன்களுக்கும் ஊசி போடுகிறது. அதெல்லாம் ஒருபுறம் இருக்கட்டும். ஒரு பெண் பரிசோதனைக்குப் போவதற்குத் தடையாக இருப்பது அவள் கூச்சம் மட்டுமன்று. ஒரு நாள் தறி நின்றால் கூலி போய்விடுமே என்ற கணக்கும், எங்கே போகிறாய் என்று நீங்கள் கேட்கப்போகிற கேள்வியும் சேர்ந்ததுதான். அந்தக் கேள்வியைக் கேளாமல் கூடப் போங்கள்.

பிள்ளையார்பாளையத்து அந்த அம்மாள், நான் அந்தப் பதிலைச் சொன்ன ஏழாவது மாதம் இறந்துபோனாள். அவள் மகளுக்கு முப்பத்தெட்டு வயதானபோது, பரிசோதனைக்கு வா என்று நானே அவள் வீட்டுக்குப் போய் அழைத்தேன். மாறத் தொடங்கிய இடம் ஒன்று தெரிந்தது. அரை மணி நேரத்தில் சிகிச்சை முடிந்தது. இப்போது அவளுக்கு வயது எழுபதை நெருங்குகிறது, இந்தக் கூட்டத்துக்கும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். வந்திருந்தால் கையைத் தூக்கவேண்டாம், இருந்த இடத்திலேயே இருக்கட்டும். மற்றவர்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன். உங்கள் வீட்டில் முப்பது தாண்டிய பெண்களும், ஒன்பது தாண்டிய சிறுமிகளும் யார் யார் என்று இன்றிரவு எண்ணிப் பாருங்கள். மாதவிலக்கு நின்றபின்னோ, இரண்டு மாதவிலக்குக்கு நடுவிலோ, கூடியபின்னோ இரத்தம் படுகிறது என்று யாராவது சொன்னால், வெந்தயத்தை எடுக்காதீர்கள். அழைத்துக்கொண்டு வாருங்கள்.